ஜீனிக்கு மருத்துவ விடுப்பு

தோலின் முதல் எதிரி குதிரை. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. குதிரைமேல் ஏறி உலகத்தைப் பிடித்தவர்களுக்கு இது தோன்றவில்லை. ஏறிக் கீழே விழுந்தவர்களுக்கும் தோன்றவில்லை. நகர ஊர்வலக் குதிரைப் பிரிவின் சேணக் காப்பாளருக்குத்தான் தோன்றியது. அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தபோது. பெரிய உண்மைகள் அந்த நேரத்தில்தான் வரும்.

அவருடைய தர்க்கம் எளிமையானது. தோலைக் கெடுப்பவை எவை? ஈரம், உப்பு, வெயில், உராய்வு, அழுக்கு. இவற்றில் குதிரையிடம் இல்லாதது எது? குதிரைக்கு வியர்க்கிறது, அது ஈரம். வியர்வை கரிக்கிறது, அது உப்பு. குதிரையை யாரும் நிழலில் ஓட்டுவதில்லை. ஓடினால் உராய்வு. ஓடாமல் தரையில் புரண்டால் அழுக்கு. எலி ஒன்றுதான் தனியாக வந்து தோலைக் கடிக்கிறது. அதுவும் குதிரைக்குப் போட்ட கொள்ளைத் தின்ன வந்த எலி.

"சேணத்துக்கும் குதிரைக்கும் உள்ள தொடர்பைக் குறைப்பதே பாதுகாப்பின் முதற்படி" என்று எழுதிச் சுவரில் மாட்டினார். ஆணியில் அல்ல. அந்த அறையில் ஆணி கிடையாது.

சேண அறை கட்டடத்தின் வடக்குப் பக்கம் இருந்தது. வெயில் நேராக விழாது. சன்னல்கள் அளவாகத் திறந்திருக்கும். குதிரை முதுகைப் போல வளைந்த மரத்தாங்கிகளில் சேணங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒவ்வொன்றும் வெள்ளைப் பருத்தித் துணி போர்த்திக்கொண்டு. பிளாஸ்டிக் உறைக்கு அனுமதி இல்லை. தோலுக்கு மூச்சு முட்டும். கடிவாளங்கள் உருண்டைக் கட்டைகளில் தொங்கின. ஆணியில் மாட்டினால் வார் மடிந்து அந்த இடத்தில் வெடிக்கும். எண்ணெய் பூசும்போது காப்பாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதிகம் பூசினால் தையல் தளரும். குறைத்தால் தோல் காயும். விரல் நுனியால் தொடுவார், தடவுவார், துடைப்பார், முகர்ந்து பார்ப்பார். மனைவியின் சமையலை அவர் இத்தனை அக்கறையாக முகர்ந்ததில்லை.

அந்த அறையில் யாரும் உரக்கப் பேசக் கூடாது. அங்கே சுற்றிய மின்விசிறி முன்பு எழுத்தர்களின் தலைக்கு மேல் சுற்றியது. காற்றோட்டம் தேவை என்று காப்பாளர் கேட்டார், கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். எழுத்தர்களுக்குப் பூஞ்சை பிடித்ததாக இதுவரை புகார் இல்லை.

ஒரே ஒரு குறை. குதிரை ஓட்டுபவர்கள் சேணத்தைச் சேணம் என்று சொல்ல மாட்டார்கள். 'ஜீனி' என்பார்கள். பழைய குதிரைப்படைக் காலத்துச் சொல். காப்பாளருக்கு அது பிடிக்காது. மளிகைக் கடை வாசனை அடிக்கிறது என்பார். ஆனால் நாள் முழுக்க அதையே கேட்டுக் கேட்டு, அவர் வாயிலும் அதுவே வரத் தொடங்கியிருந்தது.

அப்படிச் சொல்பவர்களில் ஒருவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. காப்பாளர் இந்தப் பதவிக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. மச்சினன் இங்கே பல வருடங்களாகக் குதிரை ஓட்டுகிறான். அவன் ஓட்டுவது ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. அதனால் பெயர் மிளகு. குட்டியாக வந்து இறங்கிய நாளிலிருந்து அவன் கையில்தான் வளர்ந்தது. அவன் இருமினால் அது காதைத் திருப்பும்.

மிளகுக்கு வயது ஏறிவிட்டது. ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. தேர்வில் தேறாத குதிரையை 'கழிவு' என்று எழுதிக் கல்வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். மலையடியில் கல் உடைக்கும் இடத்திலிருந்து வண்டி இழுக்க வேண்டும். போன ஆண்டு ஒரு செம்பட்டைக் குதிரை போயிற்று. பழைய இயக்குநர் அப்போதே மிளகின் பல்லைப் பார்த்து, "இதை அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். அலுவலகங்களில் அந்த வாக்கியத்துக்கு ஒரே பொருள்தான்.

மச்சினன் சேண அறை வாசலில் வந்து நின்றான்.

"மாமா, ஜீனி குடுங்க. பயிற்சி பண்ணணும்."

"எந்தக் குதிரைக்கு?"

"மிளகுக்குத்தான். எனக்கு வேற எது இருக்கு?"

"வேர்க்குமா?"

"குதிரை மாமா. ஓடினா வேர்க்காதா?"

"வேர்க்காத மாதிரி ஓட்டேன் மாப்ளே."

"சரி, நடத்தியே கூட்டிட்டுப் போறேன். போதுமா?"

"நடக்கறதுக்கு எதுக்கு ஜீனி?"

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு போனான். காப்பாளருக்கு அவன்மேல் கோபமில்லை. இளைஞர்களுக்குத் தோலின் அருமை தெரியாது.

மழை விட்ட ஒரு காலையில் அந்தச் சம்பவம் நடந்தது. மிளகின் சேணத்தைத் திருப்பிப் பார்த்த காப்பாளர் அப்படியே நின்றுவிட்டார். அடிப்பக்கத்தில், கடுகளவில், ஒரு வெள்ளைப் புள்ளி. பூஞ்சை.

"துடைச்சா போயிடும் மாமா" என்றான் மச்சினன்.

"கை வைக்காதே! காரணம் தெரியாம துடைக்கறது தடயத்தை அழிக்கற மாதிரி."

அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். சுருக்கமாக எழுதுவதில் அவருக்கு நிகரில்லை. 'தோலில் நோய் கண்டுள்ளது. உடனடியாகத் தோல் நிபுணர் ஒருவரை அனுப்பி உதவுக.'

தலைமை அலுவலகம் இதுவரை எதையும் உடனடியாகச் செய்ததில்லை. இதைச் செய்தது. மறுநாளே நிபுணர் வந்தார். வெள்ளைக் கோட்டு, கையில் பெட்டி, கழுத்தில் பூதக்கண்ணாடி. பெரிய மருத்துவமனையின் தோல் டாக்டர். மனிதர்களின் தேமலும் படையும் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"பேஷன்ட் எங்கே?" என்றார்.

"தாங்கியில இருக்கு டாக்டரம்மா."

காப்பாளர் போர்வையை மெதுவாக விலக்கினார். டாக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"இது குதிரைச் சேணம்."

"ஆமாம்."

"நான் மனுஷத் தோலுக்குப் படிச்சவ."

"உத்தரவுல மனுஷன்னு இருக்கா?"

டாக்டர் உத்தரவை எடுத்துப் படித்தார். இல்லை. இன்னொரு முறை படித்தார். அப்போதும் இல்லை. திரும்பிப் போனால் ஏன் போனாய் என்று விளக்கம் கேட்பார்கள். விளக்கம் எழுதுவதைவிட வைத்தியம் பார்ப்பது சுலபம். கையுறையை மாட்டிக்கொண்டார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"நேத்து காலையிலதான் கண்ணுல பட்டுச்சு."

"அரிப்பு உண்டா?"

காப்பாளர் யோசித்தார். "வாய்விட்டுச் சொல்லலை."

"கூட இருக்கிறவங்க யாருக்காவது?"

"பக்கத்துத் தாங்கியில ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒண்ணும் ஆகலை. அது எருமைத் தோல்."

"குளிக்க வைக்கிறீங்களா?"

"ஈரத் துணியால துடைக்கறதோட சரி."

"சமீபத்துல யார்கூடயாவது நெருங்கிப் பழகுச்சா?"

காப்பாளர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு குதிரையோட."

"அதானே பார்த்தேன்" என்றார் டாக்டர்.

எழுதிக் கொடுத்தார். இறுக்கிக் கட்டக் கூடாது. வியர்வை படக் கூடாது. விலங்குகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும். காற்றோட்டமான இடம். களிம்பு, காலையும் மாலையும். முழு ஓய்வு.

வாசலில் நின்ற மச்சினனுக்குத் தாங்கவில்லை. "டாக்டரம்மா, தேர்வு வருது. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் விடுங்க."

"நீங்க யாரு?"

"குதிரை ஓட்டறவன்."

"பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?"

"நான்... மேல உக்காருவேன்."

டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டார். சேணத்துக்கு மருத்துவ விடுப்பு வழங்கப்பட்டது. விடுப்புக் காலத்தில் எண்ணெய், சோப்பு முதலிய சலுகைகள் குறையாமல் தொடரும்.

நோயாளியின் நிலையைக் கவனிக்க டாக்டர் அங்கேயே தங்கும்படி ஆயிற்று. சில நாட்களில் அவருக்கே அந்த வேலை பிடித்துப்போனது. இப்படி ஒரு நோயாளியை அவர் பார்த்ததில்லை. எதிர்க்கேள்வி கேட்கவில்லை. இன்டர்நெட்டில் படித்துவிட்டு வந்து, இந்த மருந்தை ஏன் எழுதவில்லை என்று மிரட்டவில்லை. சொன்ன இடத்தில் சொன்னபடி கிடந்தது.

'நோயுற்ற சேணத்தின் நலன்' குறித்து ஒரு கூட்டமும் நடந்தது. அறையில் மெல்லிசை ஒலிக்கச் செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். சுவருக்கு இளம்பச்சை அடிக்கலாம் என்று தீர்மானித்தார்கள். மின்விசிறியைத் திருப்பித் தரலாமா என்று ஓர் எழுத்தர் வியர்வையைத் துடைத்தபடி கேட்டார். வியர்வையுடன் சேண அறைக் கூட்டத்துக்கு வந்ததற்காக அவர் எச்சரிக்கப்பட்டார்.

மச்சினன் வேறொரு சேணம் கேட்டுப் பார்த்தான். கிடைக்கவில்லை. ஒவ்வொரு சேணமும் ஒரு குதிரையின் முதுகுக்கு அளவெடுத்துச் செய்தது. மாற்றிக் கட்டினால் சேணம் உருக்குலையும். குதிரையின் முதுகு புண்ணாகும் என்றும் சொல்வார்கள். அது சேண அறையின் அதிகார எல்லைக்குள் வராது.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, அந்த ஜீனியை அவன்கிட்ட குடுத்தாத்தான் என்ன?"

"லீவுல இருக்கு."

"யாரு?"

"ஜீனி."

கரண்டி நின்றது. "நான் காய்ச்சலா கிடந்தப்போ, எழுந்து நடமாடினா சரியாயிடும்னீங்க."

"அது காய்ச்சல். இது பூஞ்சை."

"என்னைக்கூட எங்கம்மா பூஞ்சை உடம்புன்னுதான் சொல்லுவாங்க. என்னை எந்த டாக்டர்கிட்ட காட்டினீங்க?"

இதற்குப் பதில் விதிகளில் இல்லை. காப்பாளர் ரசம் ஊற்றச் சொன்னார்.

அவள் ஊற்றவில்லை. "போன வருஷம் அந்தச் செம்பட்டைக் குதிரை போச்சே, அதைக் கடைத்தெருவுல பார்த்தேன். கண்ணெல்லாம் கல்தூசி. தம்பியைப் பார்த்ததும் வண்டியோட அவன் பின்னாடி திரும்பிடுச்சு. வண்டிக்காரர் அடிச்சு இழுத்துட்டுப் போனார். அன்னைக்கு ராத்திரி இவன் சாப்பிடலை. அது இவன் ஓட்டின குதிரைகூட இல்லை. மிளகு போச்சுன்னா இவன் என்ன ஆவான்னு எனக்குப் பயமா இருக்குங்க."

காப்பாளர் கல்நெஞ்சக்காரர் அல்ல. "நானா வேணாங்கறேன்? மேலிடத்துல கேக்கறேன். இயக்குநர் சரின்னா நாளைக்கே எடுத்துக்கட்டும்" என்றார். ரசம் வந்தது.

புதிய இயக்குநர் குடிநீர் வாரியத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். குழாய்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. குதிரைகளைத் தூரத்திலிருந்து மதித்தார். காப்பாளர் போனபோது உதவியாளர் அம்மாள் டீ வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். இயக்குநர் கோப்பையைக் கையில் எடுத்தார்.

"சார், ஒரு அனுமதி. தேர்வன்னைக்கு மிளகுக்கு ஜீனி போடலாமா?"

இயக்குநர் புருவத்தை உயர்த்தினார். "மிளகுக்கு ஜீனியா? என்னய்யா இது?"

"எப்பவும் போடறதுதான் சார்."

"எப்பவும் போடுவீங்களா? நல்லாவா இருக்கும்?"

"இப்ப டாக்டர் வேணாங்கறாங்க சார்."

"டாக்டர்னா வேணாம்னுதான் சொல்லுவாங்க. எனக்கும் கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஜீனியே கூடாது."

காப்பாளருக்கு மெய்சிலிர்த்தது. டாக்டர் தனக்கு முன்னால் இயக்குநரிடமே பேசியிருக்கிறார். "அன்னைக்கு ஒரு நாள் மட்டும் சார்?"

"ஒரு நாள் ஒரு நாள்னுதான் ஆரம்பிக்கும். அப்புறம் காலையே எடுத்துடுவாங்க."

"அப்ப ஜீனி வேண்டாம்?"

"வேண்டவே வேண்டாம். விஷம்யா அது."

இயக்குநரின் கையில் டீ இருந்ததைக் காப்பாளர் பார்த்தார். பார்த்ததைப் பற்றி யோசிப்பது அவருடைய பணிகளில் சேராது. வெளியே வந்து, 'ஜீனி வேண்டாம்: இயக்குநரின் வாய்மொழி உத்தரவு' என்று கரும்பலகையில் எழுதினார்.

மச்சினன் அதைப் படித்த வேகத்தில் இயக்குநர் அறைக்குள் நுழைந்தான்.

"சார், ஜீனி இல்லாம முடியாது சார். ரொம்பக் கஷ்டம்."

இயக்குநர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வயதிலேயே வந்துவிட்டதே என்று அவருக்கு மனம் இளகியது. "எனக்குத் தெரியாதா தம்பி? மொதல்ல கொஞ்ச நாள் கை காலெல்லாம் நடுங்கும். போகப் போகப் பழகிடும்."

"விழுந்துடுவேன் சார்!"

"நானும் ஒரு தடவை விழுந்திருக்கேன். கூட்டத்துக்கு நடுவுல. எதுக்கும் சட்டைப் பையில ஒரு மிட்டாய் வச்சுக்கோ."

வெளியே காப்பாளர் காத்திருந்தார். "என்ன சொன்னார் மாப்ளே?"

"மிட்டாய் வச்சுக்கச் சொல்றார்."

"பார்த்தியா, உன்மேல எவ்வளவு அக்கறை!"

மச்சினனுக்கு அப்போதுதான் உறைத்தது. "மாமா! அவர் சக்கரையைச் சொல்றார் மாமா! டீயில போடற ஜீனி!"

"உத்தரவு போட்டவருக்கு அர்த்தம் சொல்லிக் குடுக்கற வேலை நமக்கு எதுக்கு?"

அவன் திரும்பி ஓடினான். இயக்குநரின் கார் வாசலைத் தாண்டியிருந்தது. தேர்வு மறுநாள் காலை.

"ஒரு போர்வையாவது விரிச்சுக்கறேன் மாமா."

"போர்வை கால்நடைப் பிரிவுப் பொருள். நான் எப்படித் தர முடியும்?"

இப்படியாக மச்சினன் வெறும் முதுகில் ஏறினான். கடிவாளம் மட்டும் இருந்தது. அதையும் காப்பாளர் துடைத்து, துடைத்ததைக் காட்டி, பிறகே கொடுத்தார். திடலுக்குள் போன பிறகு ஓட்டுபவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மற்றக் குதிரைகளின் முதுகில் ஏதோ இருப்பதையும் இந்தக் குதிரையின் முதுகில் அது இல்லாததையும் இயக்குநர் கவனித்தார். சிறப்பு நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டினார்.

வயதான குதிரையின் முதுகெலும்பு மெத்தை அல்ல. மிளகு அதைத் தெரிந்துகொண்டதுபோல அடக்கமாகவே ஓடியது. வளைவுகளில் நிதானித்தது. அவன் ஒரு பக்கம் சரிந்தால் அதுவும் அந்தப் பக்கம் சற்று நகர்ந்து அவனைத் தாங்கிக்கொண்டது. வியர்வையும் ரோமமும் சேர்ந்து அவன் கால்சட்டையை அறுத்தன. கால்சட்டை முடிந்ததும் தொடையை அறுத்தன. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாச் சுற்றுகளையும் முடித்தான். தடுப்புக் கட்டையையும் தாண்டினான்.

கடைசி அங்கம் ஒன்றுதான் பாக்கி. இயக்குநரின் மேடைக்கு எதிரே, ஓடும் குதிரைமேல் அங்கவடிகளில் கால் ஊன்றி எழுந்து நின்று, சல்யூட் அடிக்க வேண்டும். அங்கவடி சேணத்தில் தொங்குவது. சேணம் மெல்லிசை கேட்டுக்கொண்டிருந்தது.

மச்சினன் எழுந்தான். கையை நெற்றிக்குக் கொண்டுபோனான். கை போய்ச் சேர்வதற்குள் அவன் தரைக்குப் போய்ச் சேர்ந்தான்.

பின்னால் வந்த குதிரைகள் விலகி ஓடின. மிளகு அப்படியே நின்றது. தூக்கிய முன்னங்காலைக் கீழே வைத்தால் அவன் மார்பில் படும். வைக்கவில்லை. அவன் உருண்டு விலகிய பிறகே வைத்தது. பிறகும் நகரவில்லை. வெயில் அவன் முகத்தில் படாதபடி நின்றது.

"நின்னுடுச்சே?" என்றார் இயக்குநர். "ஓடற குதிரை பாதியில நிக்கலாமா?"

பதிலையும் அவரே எழுதினார். 'குதிரை காரணமின்றி நின்றது. கழிவு.'

மச்சினன் காலை அகட்டி அகட்டி நடந்து சேண அறைக்கு வந்தான். நாற்காலியைக் காட்டினார்கள். உட்காரவில்லை. டாக்டர் அவன் தொடையைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். பல நாட்களுக்குப் பிறகு, படித்ததற்குப் பொருத்தமான ஒன்று கண்ணெதிரே வந்திருந்தது. களிம்பை எடுத்தார்.

காப்பாளர் அவர் கையைப் பணிவுடன் தடுத்தார். "டாக்டரம்மா, அது பேஷன்ட் பேர்ல அளந்து வந்த மருந்து."

"இவருக்குத் தோல் உரிஞ்சிருக்கு."

"வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்களை அனுப்பினது இந்த அறைத் தோலுக்கு."

டாக்டர் சேணத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். உத்தரவை நினைத்துக்கொண்டார். "வெளியில வாங்கிக்கோங்க" என்று மருந்தின் பெயரைச் சொன்னார்.

மச்சினனுக்கு மருந்து காதில் விழவில்லை. "மாமா, மிளகை எப்ப கூட்டிட்டுப் போவாங்க?" என்றான்.

"வண்டிக்காரர் இன்னைக்கே வந்துடுவார். அதுல எல்லாம் தாமதம் இருக்காது. நீ வீட்டுக்குப் போ மாப்ளே."

சாயங்காலம் கல்வண்டிக்காரர் ஒரு கயிற்றோடு வந்தார். மிளகின் கழுத்தைத் தட்டினார். கால்களைத் தூக்கிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சேண அறைப் பக்கம் வந்தார்.

"ஜீனியைக் கொண்டாங்க."

"எந்த ஜீனி?" என்றார் காப்பாளர்.

"இதோடதுதான். ஒரு குதிரைக்கு அளவெடுத்தது இன்னொண்ணுக்கு ஆகாதே. கழிச்சா ரெண்டையும் சேர்த்துத்தான் தருவாங்க. போன வருஷம் செம்பட்டையோட ஜீனியும் நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"உங்களுக்கு எதுக்கு ஜீனி? வண்டிக் குதிரைமேல ஏறியா உக்காரப் போறீங்க?"

"ஏறவாவது! அறுத்துடுவேன்." கல்வண்டிக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணிக்கு அடியில் மின்னிய விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். "அடேயப்பா, நல்லா பதமா வச்சிருக்கீங்க. வண்டிக்கு வார் ஆகும். மிச்சத்துல ஒரு ஜோடி செருப்பு."

காப்பாளர் ஓடினார். அவர் ஓடி அந்த அலுவலகம் பார்த்ததில்லை. அனுமதி கேட்காமல் அவர் ஓர் அறைக்குள் நுழைந்தும் பார்த்ததில்லை. இயக்குநர் மாலை டீயை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.

"சார்! சேணம் சார், சேணம்!"

இந்த முறை அவர் ஜீனி என்று சொல்லவில்லை. சேணம் என்றால் தோலால் ஆனது, குதிரை முதுகில் கட்டுவது, அதில்தான் அங்கவடி தொங்கும், அங்கவடி இல்லாமல் எழுந்து நின்றால் எப்பேர்ப்பட்டவனும் விழுவான் என்று சின்னக் குழந்தைக்கும் விளங்கும்படி விளக்கினார். மேசைமேல் கோப்பு ஒன்றைக் கூரைபோலக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் பேனாவை உட்கார வைத்தும் காட்டினார். அதைவிடத் தெளிவாக அந்த அலுவலகத்தில் யாரும் எதையும் விளக்கியதில்லை.

"அடடா, அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார் இயக்குநர். "அது இல்லாமலா அந்தத் தம்பி ஏறினான்? ஏன்யா குடுக்கலை?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார். இப்ப குதிரையைக் கழிக்கக் கூடாது. அது காரணமில்லாம நிக்கலை."

"பின்னே?"

"உங்களுக்கு மரியாதை செலுத்தி நின்னுது சார்."

"எனக்கா?"

"ஓட்டறவன் விழுந்த பிறகும் அது உங்க மேடையைப் பார்த்தே நின்னுது சார். மத்த குதிரையெல்லாம் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கலை."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். குடிநீர் வாரியத்தில் எந்தக் குழாயும் அவருக்கு மரியாதை செலுத்தியதில்லை. பேனாவை எடுத்தார். 'காரணமின்றி' என்பதை அடித்தார். 'மரியாதையுடன்' என்று எழுதினார். 'கழிவு' என்பதையும் அடித்தார். பிறகு டீயைக் குடித்தார். இன்னும் சூடாக இருந்தது.

கல்வண்டிக்காரர் வெறும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். காப்பாளர் சேணத்தின் போர்வையை இழுத்து மூடி, வண்டிக்காரரின் கட்டைவிரல் பட்ட இடத்தை இரண்டு முறை துடைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார். தெருவில் நடக்கும்போது அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை ஏற்பட்டது. ஒரே நாளில் ஒரு சேணம், ஒரு குதிரை, ஒரு மச்சினன். மூவரையும் காப்பாற்றியவர் ஊரில் வேறு யார்?

வீட்டில் மச்சினன் கூடத்துப் பாயில் காலை அகட்டிப் படுத்திருந்தான். அக்கா வெந்நீரில் பஞ்சை நனைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஒற்றலுக்கும் அவன் பாயின் ஓரத்தைப் பிடித்துக் கசக்கினான்.

"மாப்ளே, மிளகு எங்கேயும் போகாது" என்றார் காப்பாளர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. "கழிவை அடிச்சாச்சு. நான்தான் போய்ப் பேசினேன்."

மச்சினன் முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. "மாமா..." என்றான்.

மனைவி நிமிர்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "நிஜமாவாங்க? எப்படிங்க முடிஞ்சுது? இத்தனை நாளா முடியாதுன்னீங்களே?"

காப்பாளர் பாயின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இயக்குநரிடம் ஓடியதைச் சொன்னார். கோப்பைக் கவிழ்த்து வைத்து விளக்கியதைச் சொன்னார். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதைச் சொன்னார்.

"அந்த ஆளு ஜீனியை அறுத்துடுவேங்கறான். என் கண்ணு முன்னாடியே! பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? தோலாச்சே!"

மனைவி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டாள். தண்ணீர் சிவந்தது.

"அப்ப என் தம்பி தொடையில இருந்தது என்ன, கோணிச் சாக்கா?"